நடந்து காட்டவா, ஊதிக் காட்டவா?

போன வருஷம் ஆவணி முகூர்த்தத்தில் மறைமலைநகரில் ஒரு ரிசப்ஷன். முடிந்ததும் நானும் மாமாவும் அவருடைய பைக்கில் ஊரப்பாக்கம் திரும்பிக்கொண்டிருந்தோம். ராத்திரி பதினொன்றரை இருக்கும். ஜி.எஸ்.டி. ரோடில் (வரி இல்லை சாமி, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு) கூடுவாஞ்சேரியைத் தாண்டியதும் இரும்புத் தடுப்பு, சிவப்பு நீல விளக்கு, நாலு போலீஸ்காரர்கள்.

"சார், வண்டிய ஓரங்கட்டுங்க. எங்கேர்ந்து வர்றீங்க?"

"ரிசப்ஷன் சார்."

எஸ்.ஐ. கொஞ்சம் கிட்டே வந்தார். "சாப்பிட்டிருக்கீங்களா?"

"பிரியாணி சார்."

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழ்நாட்டில் போலீஸ்காரர் ராத்திரியில் 'சாப்பிட்டிருக்கீங்களா' என்று கேட்டால் அது சோற்றைப் பற்றிய விசாரணை இல்லை என்பது மாமாவுக்கும் தெரியும். மண்டபத்துக்குப் பின்னால் ரெண்டு பீர் உள்ளே போயிருந்தது.

அடுத்து மாமா செய்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். யாரும் கேட்காமலே வண்டியை விட்டு இறங்கி, ரோட்டோர வெள்ளைக்கோட்டின் மேல் குதிகாலையும் பெருவிரலையும் ஒட்டி ஒட்டி வைத்து, கையை ரெண்டு பக்கமும் நீட்டி, பத்தடி நேராக நடந்து திரும்பி வந்தார். "பாத்தீங்களா சார், ஸ்டெடி."

எஸ்.ஐ. கோபப்படவில்லை. "நல்லாத்தான் நடக்கறீங்க சார். இப்ப இதுல ஊதுங்க."

ஊதினார். 68 என்று வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகும் மாமா புலம்பிக்கொண்டே இருந்தார். "நேரா நடந்தேன்டா மாப்ள, நீயே பாத்த இல்ல? அப்புறம் எப்படிடா நான் போதைல இருந்தேன்னு எழுதுவாங்க?" அவர் கேட்டது குடித்தவர் வாதம்தான். ஆனால் தூக்கம் வராமல் யோசித்தபோது நல்ல கேள்வி என்றே தோன்றியது. ஒரு மனுஷன் போதையில் இருக்கிறான் என்பதை அவன் நடை சொல்ல வேண்டுமா, அவன் ரத்தத்தில் இருக்கும் ஒரு எண் சொல்ல வேண்டுமா? சட்டம் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட நூறு வருஷம் எடுத்துக்கொண்டிருக்கிறது. நம் ஊரில் அந்தக் கதை போன வழியே தனி.

முதலில் அந்த வெள்ளைக்கோட்டு நடை. மாமா அதை இங்கிலீஷ் படத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டார். அது முழுக்க அமெரிக்கச் சரக்கு. போலீஸ்காரர்கள் ஆளுக்கு ஒரு பரீட்சை வைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மூக்கைத் தொடச் சொல்வார், இன்னொருவர் எழுத்துகளை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார். இதில் எது உருப்படியானது என்று சோதித்துப் பார்க்க அந்நாட்டு சாலைப் பாதுகாப்புத் துறை 1970-களின் நடுவில் பணம் கொடுத்தது. மார்சலின் பர்ன்ஸ், ஹெர்பர்ட் மாஸ்கோவிட்ஸ் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஆட்களுக்கு அளந்து குடிக்கக் கொடுத்து, போலீஸ்காரர்களை விட்டுச் சோதிக்கவைத்து, கடைசியில் மூன்றை மட்டும் வடிகட்டி எடுத்தார்கள். ஒன்பது அடி நடந்து திரும்புவது, ஒற்றைக் காலில் 30 விநாடி நிற்பது, பேனா முனையைக் கண்ணால் பின்தொடர்வது. கடைசிச் சோதனையில் கருவிழி துடிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதை நாமாக வேண்டுமென்று அடக்க முடியாது.

1981-ல் வந்த அவர்களுடைய அறிக்கையின்படி கண் சோதனை 77 சதவீதம் சரியாகச் சொன்னது. நடைச் சோதனை 68. ஒற்றைக்கால் 65. மாமா நம்பியிருந்த நடை, நூற்றுக்கு முப்பது பேர் விஷயத்திலாவது பொய் சொல்லும் என்று அதைத் தேர்ந்தெடுத்தவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள்! முட்டிவலிக்காரர் ஒரு சொட்டு குடிக்காமலே தள்ளாடுவார். இருபது வருஷமாகக் குடிப்பவர் அரை பாட்டிலுக்குப் பிறகும் அணிவகுப்பு மாதிரி நடப்பார். கால் பழகிக்கொள்கிறது. ஆனால் குறுக்கே மாடு வந்தால் பிரேக்கை மிதிக்க வேண்டிய அந்த அரை விநாடி பழகிக்கொள்வதில்லை.

இந்தச் சோதனைகள் எதுவும் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? பார்த்தார்கள், அவ்வளவுதான். 1897 செப்டம்பர் 10 அன்று லண்டனில் ஜார்ஜ் ஸ்மித் என்ற டாக்சி டிரைவர் தன்னுடைய மின்சார வண்டியை நியூ பாண்ட் தெருவில் ஒரு கட்டடத்தில் கொண்டுபோய் மோதினார். (ஆமாம், மின்சார வண்டி, 1897-ல்!) குடித்துவிட்டு மோட்டார் வண்டி ஓட்டியதற்குப் பிடிபட்ட முதல் ஆள் என்று இவரைத்தான் சொல்கிறார்கள். அபராதம் 25 ஷில்லிங். குடித்ததை அவரே ஒப்புக்கொண்டதால் யாருக்கும் சிரமம் இல்லை. ஒப்புக்கொள்ளாதவர்களிடம்தான் பிரச்னையே. போலீஸ்காரர் 'தள்ளாடினான்' என்பார், வக்கீல் 'என் கட்சிக்காரருக்குக் காலில் சுளுக்கு' என்பார்.

இந்தச் சண்டைக்கு முடிவு கட்ட ஒரு எண் தேவைப்பட்டது. அதற்கு முதலில் வழி காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க். சில சொட்டு ரத்தத்திலேயே ஆல்கஹாலை அளக்கும் முறையை 1922-ல் வெளியிட்டார். 1936-ல் நார்வே, ரத்தத்தில் 0.05 சதவீதத்தைத் தாண்டினால் குற்றம் என்று சட்டமே போட்டுவிட்டது. நேராக நடந்தாயா, பாட்டுப் பாடினாயா என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஆனால் ராத்திரியில் நடுரோட்டில் நிற்கவைத்து ஊசி குத்த முடியுமா? மூச்சு உதவிக்கு வந்தது. ரத்தம் நுரையீரலுக்குள் போகும்போது அதிலிருக்கும் ஆல்கஹாலில் கொஞ்சம் ஆவியாகி மூச்சுக் காற்றில் கலக்கிறது. ஆழமாக ஊதும் 2100 மில்லி காற்றில் இருப்பதும் 1 மில்லி ரத்தத்தில் இருப்பதும் ஏறக்குறைய சமம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். இந்தியானா பல்கலைக்கழகத்தின் ரோலா ஹார்ஜர் 1930-களில் ஒரு பெட்டி செய்தார். பேர் 'டிரங்கோமீட்டர்'. பலூனை ஊதி, அந்தக் காற்றைப் பெர்மாங்கனேட் கரைசலில் விட வேண்டும். 1954-ல் அதே மாநிலத்துப் போலீஸ் துறையைச் சேர்ந்த ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் 'பிரெத்தலைசர்' கொண்டுவந்தார். உள்ளே இருப்பது நம் ப்ளஸ் டூ கெமிஸ்ட்ரி லேப் சமாச்சாரம்தான். அமிலத்தில் பொட்டாசியம் டைகுரோமேட். ஆல்கஹால் பட்டால் மஞ்சள் மாறிப் பச்சையாகும். எவ்வளவு மாறியது என்பதை விளக்கு வைத்து அளந்தால் எண் கிடைத்துவிடும். இதை லேபில் செய்த அன்று போலீஸ் சமாச்சாரம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் கவனித்திருப்பேன்.

பிரிட்டன் 1967-ல் 100 மில்லி ரத்தத்துக்கு 80 மில்லிகிராம் என்று கோடு போட்டது. சட்டத்தைக் கொண்டுவந்த போக்குவரத்து அமைச்சர் பார்பரா காசிலுக்கே வண்டி ஓட்டத் தெரியாது என்று அப்போது பெரிய கேலி. சிங்கப்பூரிலும் 80. மலேசியா 80-ல் இருந்து 2020-ல் 50-க்கு இறங்கியது. நம்முடையது 30. உலகத்தில் கறாரான எல்லைகளில் ஒன்று என்று சொல்லலாம்.

அந்த 30 எப்படி வந்தது என்று தேடப் போய்த்தான் நான் எதிர்பார்க்காத இடத்துக்கு வந்து சேர்ந்தேன். மதுவிலக்கு.

யோசித்துப் பாருங்கள். ராஜாஜி 1937-ல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் அது சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. நம் செங்கல்பட்டு ஜில்லாவும் இதில் அடக்கம். பெர்மிட் இல்லாதவன் குடித்தாலே குற்றம் என்ற ஊரில், 'வண்டி ஓட்டும் அளவுக்கு நிதானமாக இருந்தானா' என்று யார் கேட்கப்போகிறார்கள்? வாயில் வாடை வந்தால் போதும், உள்ளே. எவ்வளவு குடித்தான் என்ற கேள்விக்கே அங்கே வேலை இல்லை, குடித்தானா இல்லையா என்பதுதான் கேள்வி. அதே காலத்தில் 1939-ன் மோட்டார் வாகனச் சட்டத்தில் போதையில் ஓட்டுவதற்குத் தனிப் பிரிவு இருந்தது. அது வேறு மாதிரி பேசியது. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்குப் போதை இருந்தால்தான் குற்றம் என்றது. நடையும் தள்ளாட்டமும் சாட்சி சொல்ல வேண்டிய சட்டம் அது.

பம்பாயில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கேயும் மதுவிலக்கு. ஆல்கஹால் கலந்த மருந்துகளையும் வாசனைத் திரவியங்களையும் சேர்த்துத் தடுத்த பகுதிகள் செல்லாது என்று 1951-ல் பால்சரா வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிடிபடுகிற ஆள் எல்லாம் 'டானிக் குடித்தேன்' என்று சொல்ல வழி பிறந்துவிட்டது! ஆகவே பிற்பாடு அந்தச் சட்டத்தில் ஒரு எண்ணைச் சேர்த்தார்கள். ரத்தத்தில் 0.05 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், உள்ளே போனது டானிக்தான் என்று நிரூபிக்க வேண்டியது குடித்தவன் பொறுப்பு. நம் நாட்டில் ரத்த ஆல்கஹாலுக்கு ஒரு எண், ரோட்டில் யாராவது அடிபடுவார்கள் என்ற கவலைக்கு முன்னால் டானிக் பொய்யைப் பிடிப்பதற்காகச் சட்டத்துக்குள் வந்திருக்கிறது. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது.

1971-க்கு வருவோம். அந்த வருஷம் கலைஞர் ஆட்சி தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்திக் கடைகளைத் திறந்தது. (1974-ல் மறுபடி மூடினார்கள், எம்.ஜி.ஆர். 1981-ல் மறுபடி திறந்தார். அந்தத் திற-மூடு கதையைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) அதே 1971-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு மகாராஷ்டிர வழக்கு, பச்சுபாய் ஹசனல்லி கரியானி என்பவருடையது. வாயில் ஆல்கஹால் வாடை, தள்ளாட்டமான நடை, குழறிய பேச்சு, விரிந்த கருவிழி எல்லாம் இருந்ததாகச் சாட்சி. ரத்தப் பரிசோதனையோ சிறுநீர்ப் பரிசோதனையோ இல்லை. இவற்றை மட்டும் வைத்துக் குடித்திருந்தார் என்ற முடிவுக்கு வர முடியாது என்று கோர்ட் சொல்லிவிட்டது.

மாமா கவனிக்க வேண்டிய இடம் இது. நேராக நடந்ததால் தப்பிக்கலாம் என்று அவர் நினைத்தார். கோணலாக நடந்தவரைக்கூட நடையை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று அவர் பிறப்பதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிட்டது. நடை செல்லாது என்றால் ரெண்டு பக்கமும் செல்லாதுதானே.

1988-ல் வந்த புதிய மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவில் இதை எழுதியபோது, ரத்தத்தில் 'எவ்வளவு சிறிய அளவானாலும்' ஆல்கஹால் இருந்தால் குற்றம் என்றது. இந்த வார்த்தையில் பழைய மதுவிலக்கு வாடை அடிப்பதாக எனக்குப் படுகிறது. என் ஊகம்தான். குடித்தானா இல்லையா என்று மட்டுமே கேட்டுப் பழகிய தேசம், ரோட்டுக்கும் அதையே கேட்டது. 1994 திருத்தத்தில்தான் கேள்வி 'எவ்வளவு' என்று மாறியது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல், அதுவும் மூச்சுக் கருவியால் கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்று கருவியையே பிரிவுக்குள் எழுதிவிட்டார்கள். மாமாவின் 68 இங்கிலாந்தில் குற்றமே இல்லை. இங்கே இரண்டு மடங்குக்கு மேல்.

இப்போது ரோட்டில் நடப்பதைச் சட்டத்தோடு ஒட்டிப் பார்த்தால் ஒரு விஷயம் புரியும். 203-வது பிரிவின்படி, குடித்திருக்கிறார் என்று சந்தேகப்பட நியாயமான காரணம் இருந்தால்தான் யூனிஃபார்மில் இருக்கும் போலீஸ்காரர் ஊதச் சொல்லலாம். அந்தக் காரணத்துக்கு எங்கே போவது? அதனால்தான் எஸ்.ஐ. முகத்துக்குக் கிட்டே வந்து எங்கிருந்து வருகிறீர்கள் என்று பேச்சுக் கொடுக்கிறார். பழைய மூக்கு இன்னும் வேலையில்தான் இருக்கிறது. முன்பு தீர்ப்புச் சொன்ன மூக்கு இப்போது வாசலில் நின்று ஆளை உள்ளே அனுப்புகிறது. கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனை நடக்க வேண்டும், இல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும் என்று 202-வது பிரிவு சொல்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் வாடை, நடை, பேச்சு, கருவிழி எல்லாவற்றையும் பார்த்துச் சான்று எழுதுவார். ரோட்டில் செல்லாத நடை அங்கே ஒரு வரியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. 2020-ல் கொரோனா வந்து பல ஊர்களில் ஊதச் சொல்வதையே நிறுத்திவைத்தபோது இந்த டாக்டர் வழிதான் மிஞ்சியது.

ஊதுகிற கருவி தப்பே செய்யாதா என்றால், செய்யும். குடித்த கையோடு ஊதினால் வாயில் தங்கிய ஆல்கஹால் எண்ணை ஏற்றிவிடும். அதனால்தான் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஊதவைப்பது நல்ல பழக்கம். 2100 என்ற கணக்கும் ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படும். ஆனாலும் அதற்கு மாமாவையும் தெரியாது, மாமாவின் எம்.எல்.ஏ. நண்பரையும் தெரியாது. என் கட்சி கருவிக்கட்சி.

இவ்வளவையும் படித்த பிறகு எனக்கு உறுத்தியது வேறு ஒன்று. அந்த 68-ஐ மாமாவுக்குள் ஊற்றியது யார்? தமிழ்நாட்டில் 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுக்கடையை நடத்துவது அரசின் டாஸ்மாக். விற்கும் கையும் ஊதச் சொல்லும் கையும் ஒரே உடம்பு. இந்த முரண்பாட்டைக் கோர்ட்டுக்கு இழுத்துப்போனவர் நம் ஊர் வக்கீல் கே. பாலு. சென்னை ஹைகோர்ட்டில் அவர் தொடங்கிய வழக்கு சுப்ரீம் கோர்ட் போய், 2016 டிசம்பர் 15 அன்று நாடு முழுவதற்குமான தீர்ப்பாக வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது, 2017 ஏப்ரல் 1 முதல் அமல். சின்ன ஊர்களுக்கு மட்டும் பிறகு 220 மீட்டர் ஆக்கினார்கள். தமிழ்நாட்டில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் இடம் காலி செய்ய வேண்டிவந்தது.

ரோட்டைவிட்டுக் கிளம்பிய கடைகள் ஊருக்குள் வரப் பார்த்தன. பெண்கள் தெருவில் உட்கார்ந்தார்கள். திருப்பூர் பக்கம் சாமளாபுரத்தில் 2017 ஏப்ரலில் மறியல் செய்த பெண்களை போலீஸ் அடித்ததை நாம் டி.வி.யில் பார்த்தோம். அதே வருஷம் ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டே விளக்கம் கொடுத்து இறுக்கத்தைத் தளர்த்தியது. ஜி.எஸ்.டி. ரோடு ஒரு ஊரை விட்டு அடுத்த ஊர் என்று இடைவெளியே இல்லாமல் கட்டடமாகிவிட்ட ரோடு. இங்கே நெடுஞ்சாலை எது, நகரம் எது என்று டேப் பிடித்து அளப்பதை, 2023 கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் சிரிப்பாக வரும்.

அபராதம் மட்டும் குழப்பமில்லாமல் ஏறியிருக்கிறது. முன்பு முதல் தடவைக்கு 2,000 ரூபாய். 2019 திருத்தம் அதை 10,000 ஆக்கியது, தமிழ்நாடு 2022 அக்டோபரில் அமல்படுத்தியது. தெரிந்தே உடன் வந்தவருக்கும் அபராதம் என்று அப்போது சென்னைப் போக்குவரத்துப் போலீஸ் அறிவித்தது பெரிய செய்தியானது.

அந்த ராத்திரி வண்டியை அங்கேயே விட்டுவிட்டோம். மாமா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது எஸ்.ஐ. என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, காலேஜா?"

"ஆமா சார்."

"மாமா குடிச்சது தெரியுமா?"

தெரியும் சார் என்றேன்.

"அப்புறம் ஏன் ஏறுன?"

கடைசி டிரெய்ன் போய்விட்டது என்று சொன்னேன். அது பொய். நாங்கள் மண்டபத்தை விட்டுக் கிளம்பியபோது மறைமலைநகர் ஸ்டேஷனில் தாம்பரம் போகிற வண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது. மாமா பைக்கை எடுத்துவிட்டாரே, வேண்டாம் என்றால் என்ன நினைப்பாரோ என்று ஏறிவிட்டேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒன்றும் எழுதவில்லை. ஒரு ஷேர் ஆட்டோவை நிறுத்தி எங்களை ஏற்றிவிட்டார்.

ஆட்டோவில் மாமா வழியெல்லாம் தன் நடையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்.